50 கிராம் ரவை: எங்கள் பள்ளியின் காலைச் சாப்பாடு, ஓர் இட்லிக்கடைக்காரி பார்வையில்

தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக்கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தால் அடுப்பு அணையப் பத்து மணி ஆகிவிடும். காசிமேட்டு ஏலத்திலிருந்து திரும்புகிற மீன்கார அக்காக்கள், லோடு ஏற்றும் ஆட்கள், மெட்ரோ பிடித்து வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள் என்று ஏழு மணிக்கு மேல் வாசலில் கூட்டம் நிற்கும். எங்கள் பக்கத்துப் பிரியாணிக் கடைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிற மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் காலையில் போடுகிற சாப்பாட்டைப் பற்றி. கூடவே, பிள்ளைகளின் உடம்பையும் மனசையும் அந்தப் பள்ளி எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதையும் சொல்கிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அது ஒரு பள்ளியின் தலையில் மட்டும் விழ வேண்டாம்.

2023 ஜூலை மாதம். பெரியவள் அப்போது நான்காம் வகுப்பு. காலை இறைவணக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். போன் வந்தபோது நான் ஓர் ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தேன். தட்டைப் போட்டது போட்டபடி ஓடினேன். வகுப்பு டீச்சர் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். "காலையில என்னம்மா சாப்பிட்டா?" என்று கேட்டார். டீயும் பொறையும் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "நீ இட்லிக்கடைதானே வெச்சிருக்க?" என்கிற கேள்வி என் காதுக்கு மட்டும் கேட்டது.

வீட்டில் இட்லி இல்லாமலா இருக்கும்? இருந்தது. சாப்பிட வைக்கத்தான் ஆள் இல்லை. கணவர் மீன் வண்டி ஓட்டுகிறார், இரவு ஒரு மணிக்குக் கிளம்பினால் காலை ஒன்பதுக்குத்தான் வருவார். நான் வாசலில். பெரியவள்தான் தம்பியை எழுப்பி, குளிக்க வைத்து, தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு கிளம்ப வேண்டும். தட்டில் நாலு இட்லி வைத்துவிட்டு வந்தாலும், தம்பி ஒன்றைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவான், இவள் நேரமாகிவிட்டது என்று டீயில் பொறையை நனைத்துத் தின்றுவிட்டு ஓடுவாள். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் மதியம் பன்னிரண்டரை வரை அந்த ஒரு பொறையோடு இருந்திருக்கிறது. பதினாறு மணி நேரத்துக்கு மேல்.

அதற்கு அடுத்த மாதம், 2023 ஆகஸ்ட் 25 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. முந்தைய வருடம் செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த திட்டம் அது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு.

எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. ஊருக்கு இட்லி போடுகிறவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பதா என்று ஆயாவிடம் சொன்னேன். ஆயா என் அம்மாவைப் பெற்றவள், எங்களோடுதான் இருக்கிறாள். "நான் துன்னேன், உங்கம்மா துன்னா, நீயும் துன்ன. இப்ப இன்னா உனுக்குப் புதுசா வெக்கம்?" என்றாள்.

ஆயா சொன்னது சரிதான். காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுவந்தபோது ஆயாவுக்கு எட்டு வயது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோது அம்மா நான்காம் வகுப்பு. என் காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் முட்டை, அந்த ஒரு நாளைக்காகவே லீவு போடாமல் போவோம். இப்போது என் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டில் தினமும் முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதற்கெல்லாம் முன்னால், 1920-லேயே, சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட வைத்தார். ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கு. அவர் பெயரில் இருக்கிற கல்லூரி பழைய வண்ணாரப்பேட்டையில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஓர் அணா ஞாபகம் வரும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் எங்களில் ஒருவர் வந்து ருசி பார்க்க வேண்டும் என்று முறை போட்டுக்கொண்டோம். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும். நாத்தனாரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஏழே முக்காலுக்குப் போய்விடுவேன். இரண்டு வருடத்துக்கு மேல் ருசி பார்த்த நாக்கோடு எழுதுகிறேன்.

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அப்புறம் காய்கறி. வெந்து தட்டுக்கு வரும்போது 150 முதல் 200 கிராம் வரை இருக்கும், சாம்பார் 100 மில்லி. என் கடை இட்லி நாலு போட்டால் ஏறக்குறைய அந்த எடை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாராளம், சிலர் மிச்சம் வைப்பார்கள். ஐந்தாம் வகுப்பில் ஓங்கி வளர்கிற பையனுக்குப் பற்றாது, அவன் மறுபடி கேட்பான். எங்கள் பள்ளியில் கேட்டால் போடுகிறார்கள். வராத பிள்ளைகளின் பங்கு இருக்கும், அதை வீணாக்காமல் கேட்பவனுக்குப் போடுவதுதான் நியாயம்.

பொங்கல் நன்றாக இருக்கும். உண்மையாகவே நன்றாக இருக்கும். அரிசியும் பருப்பும் குழைந்து, சூடு நின்று, தூக்கி வந்தாலும் பக்குவம் கெடாத பண்டம் அது. பிள்ளைகள் மிளகை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார்கள். ஒருநாள் சமைக்கிற அக்காவிடம் மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துப் போடச் சொன்னேன், அதன் பிறகு ஓரத்தில் மிளகு குறைந்தது. திங்கட்கிழமைகளில் முன்பு உப்புமா இருந்தது, 2025-ல் அதற்குப் பதில் பொங்கல் வந்தபோது சின்னவன் வீட்டில் ஒரு ஆட்டமே போட்டான்.

உப்புமாதான் சிக்கல். எங்கள் பள்ளியில் சமையல் நடப்பதில்லை, வேறு இடத்தில் செய்து பாத்திரத்தில் வண்டியேற்றிக் கொண்டுவருகிறார்கள். வந்து இறங்குவதற்குள் ரவை இறுகிவிடும். வீட்டில் ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைக்கிறோம் என்றால், தூக்கிப் போகிற உப்புமாவுக்கு மூன்று வைக்க வேண்டும். ரவையைச் சிவக்காமல் நன்றாக வறுத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தூவ வேண்டும். இதை முப்பது பேருக்குச் செய்வது வேறு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்வது வேறு. கை வலிக்கும், கட்டி தட்டும். அதனால் நான் குறை சொல்வதும் யோசித்துத்தான் சொல்வேன். சேமியா உப்புமாவுக்கும் இதே கதி, ஆறினால் பிசுபிசுப்பு. கோதுமை ரவைக் கிச்சடி மட்டும் எவ்வளவு நேரமானாலும் தாங்கும். காரட்டும் பீன்ஸும் பட்டாணியும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடக்கும். என் வீட்டில் பீன்ஸைத் தொடாத சின்னவன் அங்கே தின்கிறான், பக்கத்தில் இருக்கிறவன் தின்பதால்.

சாம்பார் சில நாள் நீர்த்து வரும். 2024-ல் ஒரு மாதம் தொடர்ந்து அப்படி வந்தது. சமைக்கிற அக்காவிடம் கேட்டேன். "ஒரு புள்ளைக்கு பதினஞ்சு கிராம் பருப்புமா, அத்த வெச்சு எவ்ளோதான் கெட்டியா பண்றது?" என்றார். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததா? என் கடையிலும் பருப்பு விலை ஏறும்போது அதே பாடுதான். பரங்கிக்காயை நன்றாக வேகவைத்து மசித்துச் சேர்த்தால் சாம்பார் கெட்டிப்படும், இனிப்பும் கொஞ்சம் வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த வாரம் பரங்கிக்காய் சாம்பார் வந்தது. பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தலையாட்டினேன்.

ருசியை விட எனக்குப் பெரிதாகப் படுவது சாப்பிடுகிற விதம். எட்டு மணிக்குக் குழாயடியில் வரிசை, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும். எல்லாரும் தரையில் எதிரெதிராக உட்காருவார்கள். இரண்டு டீச்சர்கள் நடுவில் நடந்துகொண்டே இருப்பார்கள். யார் சாப்பிடவில்லை, யார் அவசரமாக விழுங்குகிறான், யார் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்கள் கண்ணில் பட்டுவிடும். பாடம் நடத்துகிற நேரத்தில் தெரியாதது இந்த அரை மணியில் தெரிந்துவிடும்.

அப்படித்தான் ஒரு பையன் விஷயம் தெரியவந்தது. மூன்றாம் வகுப்பு. கிச்சடியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பையிலிருந்த சின்ன டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன், டீச்சரும் பார்த்தார். டீச்சர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி தட்டில் போட்டுவிட்டு நகர்ந்தார். மூன்று நாள் அப்படியே போனது. நாலாவது நாள் இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, வீட்டில் இரண்டரை வயதுத் தங்கச்சி இருக்கிறாள், அம்மா வீட்டுவேலைக்குப் போனால் மதியம்தான் வருவாள், அதுவரை பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள் என்றான். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியை அந்த அம்மாவை வரவழைத்தார். திட்டுவார்களோ என்று பயந்துகொண்டு வந்தாள். இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கலாம், அங்கேயே சூடான சாப்பாடு கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கன்வாடி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். இப்போது அந்தப் பையன் டப்பா கொண்டுவருவதில்லை. முன்பு யாரோடும் பேசாமல் மூலையில் இருந்தவன், இப்போது கை கழுவுகிற வரிசையில் தண்ணீர் அடித்து விளையாடி டீச்சரிடம் திட்டு வாங்குகிறான்.

பெரியவள் மயங்கி விழுந்த அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுக்கு 11.5-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்றார் டாக்டர். என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், டீ என்றதும் நிறுத்தினார். சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீயில் இருக்கிற துவர்ப்பு தடுத்துவிடும், அதற்குப் பதில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் டீ குடித்து வளர்ந்த எனக்கு அது அன்றுதான் தெரியும். எங்கள் தெருவில் பால் பற்கள் விழாத பிள்ளைகூடக் காலையில் டீதான் குடிக்கிறது. பசியை அது அடக்கிவிடுகிறது, அதனால்தான் நாமும் கொடுக்கிறோம்.

பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை இளஞ்சிவப்பு, ஆறாம் வகுப்பிலிருந்து நீலம். முன்பு பிள்ளைகள் வாயில் வாங்கி, ஜன்னல் வழியாகத் துப்பிவிடுவார்கள். காரணம் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சிலருக்கு வயிறு வலிக்கும். மலம் கறுப்பாகப் போகும், பிள்ளை பயந்துவிடும். அது மாத்திரையால்தான், ஒன்றும் ஆகாது என்று யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர் இதை வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுக்க ஆரம்பித்த பிறகு துப்புவது நின்றது. வருடத்துக்கு இரண்டு தடவை குடற்புழு மாத்திரையும் உண்டு, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்பது. வயிற்றில் புழு இருந்தால் எத்தனை முட்டை போட்டாலும் உடம்பில் ஒட்டாது. பெரியவளுக்கு டாக்டர் தனியாகத் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 11.6.

கண் பரிசோதனையைப் பற்றியும் ஒரு வரி. பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை "காப்பியடிக்கிறவள்" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கண்ணாடி போட்ட பிறகு அவள் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு அவளாகவே மாறி உட்கார்ந்தாள்.

இனி மனசு கஷ்டப்படுகிற விஷயம். கழிப்பறை.

இப்போது பள்ளிகளில் தண்ணீர் மணி அடிக்கிறார்கள், பாடத்துக்கு நடுவில் எல்லாரும் தண்ணீர் குடிக்க இரண்டு நிமிடம். நல்ல யோசனை. ஆனால் பெரியவள் அந்த மணிக்கு பாட்டிலை வாயில் வைத்துவிட்டு, குடிக்காமலே மூடி வைத்துவிடுவாளாம். பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. குடித்தால் போக வேண்டும், போகிற இடத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் அத்தனை பேரும் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறார்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்து, காய்ச்சலில் கிடந்த பெண் பிள்ளை எங்கள் தெருவிலேயே இருந்தாள். நாங்கள் அம்மாக்கள் யாரும் பள்ளியில் இதைக் கேட்டதே இல்லை. மார்க் கேட்டோம், ஹோம்வொர்க் கேட்டோம்.

குழுக் கூட்டத்தில் இதைப் பேசியபோது முதலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் ஒரு அம்மா, மீன் வெட்டிக் கொடுக்கிறவர், எழுந்து தன் மகள் கதையைச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னோம். தாழ்ப்பாள் வாங்க ஆன செலவு நூறு ரூபாய் சொச்சம். மாட்டியது ஒரு அப்பா, தச்சு வேலை செய்கிறவர். ஒரு பல்பு, இரண்டு பக்கெட், மூடிபோட்ட ஒரு குப்பைக்கூடை. அவ்வளவுதான். இத்தனை வருடம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்தது இந்தச் சில்லறைச் சாமான்களுக்காக. சுத்தம் செய்ய இன்னமும் ஒரே ஒரு அக்காதான், அதுவும் காலையில் ஒரு தடவை. மதியத்துக்கு மேல் நாற்றம் தாங்காது. இதில் பள்ளிக்கு என் மதிப்பெண் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

வாசலில் இருக்கிற பெட்டிக்கடை பற்றியும் பேசினோம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு விதி வந்திருக்கிறது. புகையிலைக்கு 100 கெஜம். விதி இருக்கிறது, கடையும் இருக்கிறது. கடைக்காரரும் எங்களைப் போலப் பிழைக்க வந்தவர். சண்டைக்குப் போகாமல் நாலு அம்மாக்கள் போய்ப் பேசினோம். புகையிலைச் சாமான் எதையும் வைக்கவே கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தோம், அவரும் எடுத்துவிட்டார். ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளை முன்வரிசையிலிருந்து எடுத்து, கடலை மிட்டாயும் அவித்த வேர்க்கடலையும் உப்பு மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவும் முன்னால் வைத்தார். பாக்கெட் இன்னும் உள்ளே தொங்குகிறது. காலையில் வயிறு நிறைந்த பிள்ளை அதைக் கேட்பது குறைந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

விளையாட்டில் எங்கள் பள்ளி சுமார். மைதானம் என்று சொல்ல ஒரு சிமென்ட் தரை. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். நல்ல வேளையாக இரண்டு கேரம் போர்டு இருக்கிறது. 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா எங்கள் வடசென்னைப் பெண் என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து, அந்த போர்டைச் சுற்றிப் பெண் பிள்ளைகள் கூட்டம்தான். ஆலைகள் இருக்கிற மணலிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பி நெடி அடிக்கிற நாட்களில் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை, வீசிங் இருக்கிற பிள்ளைகளின் பெயரை எழுதி, அவரவர் இன்ஹேலரை டீச்சர் மேசையில் வைத்திருக்கிறார்கள். இது நான் கேட்டு வந்ததல்ல, அவர்களாகவே செய்தது.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்று. 2025 ஜூனில் பெரியவள் ஆறாம் வகுப்புக்குப் போனாள். அதே கட்டடம், அதே வாசல், மாடியில் வகுப்பு. காலைச் சாப்பாடு ஐந்தாம் வகுப்பு வரைதான். முதல் நாள் தம்பியைக் கைபிடித்துக் கொண்டுவந்து வரிசையில் விட்டுவிட்டு, அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று என் முறை. என் கையில் ருசி பார்க்கிற தட்டு இருந்தது. பெற்ற பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்திருக்க நான் பொங்கல் சாப்பிட்டுப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு, பன்னிரண்டு வயதில்தான் பிள்ளைகள் திடுதிப்பென்று உயரமாகிறார்கள். பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள், மாதாமாதம் ரத்தம் போகிறது. எங்கள் வீட்டிலும் அவள் இந்தத் தை மாதம் பெரியவளானாள். வயிற்றுக்கு அதிகம் தேவைப்படுகிற வயதில், பத்து வயது வரை போட்ட தட்டை எடுத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்தப் பதினைந்து வயதுப் பெண் திடீரென்று ஒரு நாளில் சோகையாவதில்லை. குறைந்தது எட்டாம் வகுப்பு வரைக்கும் இந்தச் சாப்பாடு வேண்டும் என்று குழுவில் தீர்மானம் எழுதியிருக்கிறோம். இருபதுக்கு மேல் கையெழுத்து. அதில் மூன்று பெருவிரல் ரேகை, ஒன்று அந்த டப்பாப் பையனின் அம்மாவுடையது.

அதுவரைக்கும் நாங்களாக ஒரு வழி பண்ணியிருக்கிறோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து எட்டே கால் மணிக்கு அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்தார். டப்பா இல்லாமல் வருகிற பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக நான் தினமும் நாற்பது இட்லி, கொஞ்சம் வேர்க்கடலைச் சட்னியோடு ஒரு தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறேன். சட்னியில் புளிக்குப் பதில் எலுமிச்சை. பெரியவள்தான் தூக்கிக்கொண்டு போகிறாள்.

இந்தப் பக்கம் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். எட்டு மணிக்குள் பிள்ளை உள்ளே இருக்க வேண்டும், எட்டரைக்கு மேல் பாத்திரம் கழுவப் போய்விடும். காலையில் டீ கொடுத்து அனுப்பாதீர்கள், பசியோடு வந்தால்தான் தட்டு காலியாகும். பள்ளி மேலாண்மைக் குழு மாதம் ஒரு தடவை கூடும், உறுப்பினராக இல்லாவிட்டாலும் வந்து உட்காருங்கள். சேர்ப்பதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். பள்ளியில் கேட்டும் நடக்காத விஷயத்துக்கு 14417 என்று கல்வித் துறையின் உதவி எண் இருக்கிறது, பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, கிச்சடி. முறை என்னுடையது. உளுந்து ஊறிவிட்டது, கிரைண்டர் போட வேண்டும்.